பால் பவுடரில் வளர்த்த கன்றுகள்: என் அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு ஐந்து கறவை மாடுகள், எல்லாம் ஹெச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம். கன்று குடிக்கிற பாலையும் பால் சொசைட்டிக்கு ஊற்றலாம் என்றுதான் மில்க் ரீப்ளேசர், அதாவது தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தண்ணீரில் கலந்து கொடுக்கிற பவுடர், வாங்கினேன். முதல் கிடாரிக்கன்று சாவின் விளிம்புவரை போய் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு நாள் சீம்பால் குடித்துத் துள்ளிக்கொண்டிருந்த கன்று. ஐந்தாம் நாள் ஒரேயடியாகப் பவுடருக்கு மாற்றினேன். கைக்கணக்கில் அள்ளிப் போட்டு பச்சைத் தண்ணீரில் கலக்கினேன். வாளியின் அடியில் மாவு மாதிரி படிந்தது. ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சல். மறுநாள் கண் குழிவிழுந்துவிட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது.

மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். அப்புறம் பவுடர் பையைக் கேட்டார். புரதம் 22 சதவீதம் என்று போட்டிருந்ததைக் காட்டினேன். "அது கிடக்கட்டுங்க, எதுல இருந்து எடுத்த புரதம்னு பாருங்க" என்றார். சேர்மானத்தில் முதலிலேயே சோயா மாவு. மூன்று வாரம் ஆகாத கன்றுக்கு அது சரியாகச் செரிக்காதாம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர், வே புரோட்டீன் (பால் திரிந்த தெளிநீரில் இருக்கிற புரதம்) என்று பாலிலிருந்து வந்த புரதமாக இருக்க வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்கியது என் தவறு.

அடுத்த கன்று பிறந்தபோது 28 கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளைக்கு 2.8 லிட்டர், காலை மாலை இரண்டு வேளையாகக் கொடுத்தேன். லிட்டருக்கு 125 கிராம் பவுடர், தராசில் நிறுத்து. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுக் கலந்து, 39 டிகிரிக்கு வந்ததும் குடிக்க வைத்தேன். தாய்ப்பாலில் பாதி, பவுடர் பாதி என்று நான்கைந்து நாள் கொடுத்த பிறகே முழுதாக மாற்றினேன்.

வாளியில் குடிக்கப் பழக்க இரண்டு விரலை வாயில் கொடுத்தேன். வெதுவெதுப்பான நாக்கு விரலைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். அப்படியே முகத்தைப் பாலுக்குள் இறக்கி, விரலை மெல்ல உருவ வேண்டும். மூன்றாம் நாள் விரல் இல்லாமலே குடித்து, காலி வாளியை முட்டியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

இரண்டாம் வாரத்திலிருந்து கைப்பிடி கன்றுத் தீவனமும் நல்ல தண்ணீரும் வைத்தேன். பவுடர் மட்டும் போதாது. அசையூண் வயிறு (புல், தீவனத்தைச் செரிக்கிற பெரிய வயிற்றறை) வளரத் தீவனம் உள்ளே போக வேண்டும்.

பதில் 1: அண்ணா, நாமக்கல்லில் எங்கள் பண்ணையிலும் இதே கழிச்சல்தான். ஆனால் பவுடரில் குறையில்லை. இரவில் பிறந்த கன்றுக்கு விடிந்த பிறகுதான் சீம்பால் கிடைத்திருந்தது. சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியைக் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும், ஒரு நாள் போனால் கதவு சாத்தின மாதிரி. இப்போது மாடு ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் கறந்து கொடுத்துவிடுகிறோம், நடுராத்திரி என்றாலும் சரி.

பதில் 2: தம்பி, வாளியைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் விளிம்பு மடிப்புக்குள் பழைய பால் புளித்துக் கிடந்தது. வாளியை மாற்றிய வாரமே கழிச்சல் நின்றது.