புதுப்பிப்பு: ஜெனரேற்றரில் ஓடும் தண்ணீர் மோட்டர் சுடுகிற பிரச்சினை (ஒட்டுசுட்டான்)

போன மாதம் கேட்டிருந்தேன்: எங்கட தோட்டத்து மூன்று பேஸ் (மின்சாரம் வரும் மூன்று உயிர்க் கம்பிகள்) ஜெனரேற்றரில் ஓடும் மோட்டர் அரை மணித்தியாலத்திலேயே கை வைக்க முடியாமல் சுடுகிறது என்று. தீர்ந்துவிட்டது. பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

"மோட்டரைக் கழற்றாதே தம்பி, முதலில் பேஸுக்குப் பேஸ் வோல்ற்றேஜை அள" என்று மன்னார் அண்ணா சொன்னதுதான் சரி. அளந்தேன்: 410, 400, 375. சராசரி 395, ஆகக்கூடிய விலகல் 20. அதாவது சமமின்மை சராசரியின் 5 வீதத்துக்கும் மேல். அந்த நிலையில் மோட்டரை ஓட்டவே கூடாது. வோல்ற்றேஜில் 1 வீதச் சமமின்மை கரண்டில் 6 முதல் 10 வீதமாகத் தெரியும், சூடு அங்கேயிருந்துதான். வீடு, குளிர்சாதனப்பெட்டி, மா அரைக்கிற மெசின் எல்லாம் ஒரே பேஸில் கிடந்தன. மூன்றுக்கும் பிரித்தேன். இப்போது 402, 399, 396. இரண்டு மணித்தியாலம் ஓடியும் மோட்டர் இளஞ்சூடுதான்.

எதிர்பாராத ஒன்று: பிரித்த பிறகும் மெசினைப் போட்டால் சில பல்ப் மங்கின, சில பளிச்சென்று எரிந்தன. ஜெனரேற்றர் பெட்டிக்குள் நியூற்றல் (மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பும் கம்பி) போல்ற் தளர்ந்து கருகியிருந்தது. பேஸுக்குப் பேஸ் அளந்தால் இது தெரியாது. பேஸுக்கும் நியூற்றலுக்கும் இடையில் அளக்கவேணும். ஜெனரேற்றரை நிறுத்தி, முனையைச் சுரண்டி இறுக்கினேன். பல்ப் ஆடுவது அன்றோடு நின்றது.