பழசு வாங்க வந்தவர்களும் அவர்கள் கண் போன இடமும்

திருவிடைமருதூர் பக்கம்:

எங்கள் அப்பாயி வாழ்ந்த ஓட்டு வீட்டை ஒருவழியாகக் காலி செய்து முடித்தோம். வீடு வாடகைக்குப் போகிறது, சாமான்களை வைக்க யாரிடமும் இடமில்லை. அண்ணன் கோயம்புத்தூரில் அடுக்குமாடியில் இருக்கிறார், நான் தஞ்சாவூரில் இரண்டு அறை வீட்டில். விலை நிலவரத்தை எல்லாரும் எழுதுகிறார்கள், நான் வாங்க வந்த ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு விஷயம் அத்தனை பேரிடமும் பொதுவாக இருந்தது: எதை விற்கிறோம் என்று சொன்னோமோ அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விற்பதாக நாம் சொல்லவே சொல்லாத எதன் மேலோ கண்ணை வைத்தார்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

முதலில் பாத்திரம். பரணிலிருந்து இறக்கிய அண்டா, தவலை, குண்டான், அடுக்கு, கூஜா, தாம்பாளம் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினோம். தெருவில் வண்டியில் வரும் பழைய பாத்திரக்காரர் பித்தளைக்கு ஒரு விலை சொன்னார். கும்பகோணத்துக் கடையில் விசாரித்த விலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. அப்புறம் சாதாரணமாக, "எல்லாத்துக்கும் ஒரே ரேட்டாப் போட்டுக்கலாம்மா, பிரிச்சுக்கிட்டிருந்தா பொழுது போயிடும்" என்றார். குவியலுக்குள் வெண்கலப் பானைகளும் ஓர் உருளியும் கிடந்தன. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். துத்தநாகம் செம்பைவிட மலிவு, வெள்ளீயமோ செம்பைவிட விலை கூடியது. கறுத்துப்போய்க் கிடந்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பெரியம்மா ஒரு கரண்டியை எடுத்து வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினார். பித்தளை சத்தம் சட்டென்று நின்றுவிடும், வெண்கலம் கணீரென்று இழுத்துக்கொண்டே போகும். இழுத்ததெல்லாம் ஒரு பக்கம், நின்றதெல்லாம் ஒரு பக்கம்.

இதற்கு நடுவில் அவர் ஈயச்சொம்பைக் கையில் எடுத்து, "இது அலுமினியம், நசுங்கிப்போச்சு, சும்மா போட்டு விடுங்க" என்று சாக்கின் வாயருகே கொண்டுபோனார். "அலுமினியம் இவ்வளவு கனக்குமா தம்பி? கீழ வையி" என்றார் பெரியம்மா. சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார், கோபதாபம் எதுவும் இல்லை. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது வெள்ளீயத்தில் செய்வது. உள்ளே புளித்தண்ணீர் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஓடிவிடும், வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும். தரையில் தவறவிட்டாலே நெளியும். நெளிந்ததைப் பார்த்து ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்துத் தூக்கிக் கொடுக்கிற வீடுகள் நிறைய இருக்கும். இன்னொன்று, பக்கத்து மளிகைக்கடையில் எலக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வைத்திருந்தோம். அதைப் பார்த்ததும் அவருடைய தூக்குத் தராசு வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அண்டாக்களுக்கு வேறு ஆள் வந்தார். புதுச்சேரியில் தங்கும் விடுதிகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கிற பெண். பாத்திரத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும் பெயரைத்தான் அவர் தேடினார். சீர் கொடுக்கும்போது ஊர், பேர், வருஷம் எல்லாம் வெட்டிக் கொடுப்பார்களே, அது. பெயர் இருந்தால் விலை குறையும் என்று நாங்கள் நினைத்திருக்க, அவர் பெயர் இல்லாததை ஒதுக்கிவிட்டு எழுத்து தேயாததாகப் பார்த்து எடுத்தார். எடைக்குப் போட்டால் கிடைத்திருப்பதைவிட நல்ல விலை.

நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குக் காரைக்குடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிறதே, அங்கே சரக்கு போடுகிறவர்கள். எங்கள் பத்தாயம் பலாப்பலகை, அறைக்குள் வைத்தே கோத்தது, முழுசாக வாசல் வழியே வராது. பலகைகளின் ஓரத்தில் உளியால் ஒரு கீறல், இரண்டு கீறல் என்று அடையாளம் போட்டிருப்பதை அவர்கள் காட்டித்தான் நாங்களே பார்த்தோம். எந்தப் பலகை எதன் மேல் உட்கார வேண்டும் என்பதற்கான கணக்காம். மேலடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். நெல் சரிந்து விழும் அடிவாசலுக்கு ஒரு சின்னத் தள்ளுபலகை உண்டு, அதன் பள்ளத்தில் கெட்டித்துப்போன உமியும் அந்துப்பூச்சிக் கூடும்தான் இருந்தன. பேரம் முடிந்து பணமும் எண்ணிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் பெரியவர் அண்ணாந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தூணைச் சுற்றி வந்து தடவினார். "இடிக்கிறப்ப சொல்லுங்க" என்றார். இடிக்கவில்லை, வாடகைக்கு விடுகிறோம் என்றேன். "இன்னிக்கு இல்லாட்டியும் இடிப்பீங்க, அப்ப சொல்லுங்க." என்னத்தைச் சொல்வது!

கடைசியாக ஒருவர் சீலிங் ஃபேன் வாங்க வந்தார். சாமி அறை வாசலில் நின்று, வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன் தஞ்சாவூர்ப் படத்தைப் பார்த்தவர் ஃபேனை மறந்துவிட்டார். ரசீது எதுவும் வேண்டாம், இப்பவே ரொக்கம் என்றார். ரசீது வேண்டாம் என்ற அந்த ஒரு பேச்சே போதுமே. 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய சிலையும் ஓவியமும் தொல்பொருள், அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. எங்கள் படம் அவ்வளவு பழசா என்று தெரிந்த ஒருவரிடம் காட்டத்தான் போகிறோம். இப்போதைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது. ஃபேனை அவர் வாங்கவில்லை.

மன்னார்குடி:

அக்கா, அப்படியே எங்கள் கதை. "பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச புடவை, ஜரிகை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அதில் ஒருவரைச் சின்னம்மா கூப்பிட்டார். திருபுவனம் புடவைகள், மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தன, கட்டவும் முடியாது தூக்கிப்போடவும் மனசு வராது. முந்தானையை விரித்துப் பார்த்துவிட்டு டூப்ளிகேட் ஜரிகை என்றார். சின்னம்மா ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, நகத்தால் சுரண்டிக் காட்டினார். அசல் ஜரிகை என்றால் சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றித் தங்கமுலாம் பூசியிருப்பார்கள். சுரண்டினால் மஞ்சள் போய் வெள்ளை தெரியும், அதற்கும் உள்ளே சிவப்பு. போலியில் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். எங்களுடையதில் சிவப்பு இருந்தது. "பார்டர் அசல்தான், உடம்பைத்தான் சொன்னேன்" என்று பேச்சை மாற்றி விலையை ஏற்றினார் பாருங்கள்! புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதுதான் அவர்கள் வேலை, அதனால் கரையின் அகலம்தான் விலை, புடவை அழகாக இருப்பதெல்லாம் கணக்கில் வராது. பணத்தை வாங்கியதும் கேட்டார், "அறுந்த கொலுசு, மெட்டி ஏதாச்சும் கெடக்கா?" நீங்கள் சொன்ன அந்தக் கண்!

மயிலாடுதுறை:

எனக்கு வந்த ஆளுக்குக் கண்ணே கிடையாது, போன் மட்டும்தான். ஃபிரிட்ஜ் விற்கப் போட்டோ போட்டேன், போட்ட சூட்டிலேயே அழைப்பு. ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றலாகி வருகிறாராம். கூலிங் வருமா என்று கேட்கவில்லை, எத்தனை வருஷப் பழசு என்று கேட்கவில்லை, சொன்ன விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. மாயவரத்தில் பேரம் பேசாமல் எவனாவது எதையாவது வாங்குவானா? அங்கேயே தெரிந்துவிட்டது. கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் ஏறும் என்றார். யுபிஐயில் பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், வாங்குவதற்கு எதையும் அழுத்த வேண்டியதில்லை. "பின் போடாம அனுப்ப முடிஞ்சா அனுப்புங்க சார்" என்றேன், கட். யாராவது ஏற்கெனவே பணத்தை விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

அந்த ஃபிரிட்ஜைக் கடைசியில் வாங்கியவர் ஒரு டீக்கடை அண்ணன். கதவு இடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தார், லப்பர் பிடிக்கிறதா என்று. பின்னால் போய்க் குந்தி கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டார். அடித்துப் பேசி என் விலையில் கால்வாசி குறைத்தார். நிம்மதியாகக் கொடுத்தேன்.

பட்டுக்கோட்டை:

கஜா புயலில் ஓடு பறந்து பரணில் இருந்ததெல்லாம் நனைந்து போனது, 2018 நவம்பரிலேயே எங்களுக்கு வீடு பாதி காலியாகிவிட்டது. மிஞ்சியதில் யாரும் சீண்டாத பொருள் அந்த இலவச கலர் டிவி. 2006க்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்ததே, அது. 2011க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேனைக்கூட உள்ளே இருக்கும் காயிலுக்காக எடுத்துக்கொள்கிறார்கள். டிவியை வாங்குகிறவர்கள் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு, கண்ணாடிக் குழாயை உடைத்து வாய்க்கால் கரையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறது, மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் அதன் மேல்தான் ஓடி வயலுக்குப் போகும். மின்கழிவு வாங்கும் இடம் தெரியாவிட்டால் டிவி இன்னும் கொஞ்ச நாள் மூலையிலேயே இருக்கட்டும், குடி முழுகிவிடாது.

தஞ்சாவூர், மருத்துவக் கல்லூரி சாலை:

புத்தகம் பற்றி யாரும் எழுதவில்லையே. தாத்தாவின் அலமாரியில் வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. பேப்பர்காரர் எடைக்குக் கேட்டார். நான் கொடுக்கவில்லை, பைண்டு புத்தகம் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள், படங்களோடு வந்த பழைய தொடர் என்றால் நல்ல விலையே கொடுப்பார்கள். காசு வேண்டாம், பாதுகாப்பாக இருந்தால் போதும் என்பவர்கள் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

அதே அலமாரியின் அடியில் துணியில் சுற்றி ஒரு சுவடிக் கட்டு. பேப்பர்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் அவர் சொல்லித்தானோ என்னவோ, மறுவாரம் சட்டையை உள்ளே விட்ட ஒருவர் வந்து "ஓலை இருக்காமே" என்று நின்றார். சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும், மேலே அக்கா சொன்ன தொல்பொருள் சட்டத்தில் 75 வருடம்தான், நூறு இல்லை. உள்ளூரிலேயே சரசுவதி மகால் இருக்கிறது, தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, அப்புறம் எதற்கு இவரிடம்? கொண்டுபோய்க் காட்டினோம், நிலக் கணக்கு ஓலைகள். அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், மருத்துவச் சுவடி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

திருவாரூர்:

எல்லாரும் காயலான்கடைக்காரர்களைப் போட்டு வாங்குகிறீர்கள், எங்கள் மாமா அந்தத் தொழில்தான், அதனால் அவர் பக்கத்தையும் கேளுங்கள். அண்டாவின் வளையம் இரும்பு, குத்துவிளக்கின் அடித்தட்டுக்குள் மெழுகும் மண்ணும், ஓட்டை அடைத்த இடத்தில் எல்லாம் ஈயம். அத்தனையும் பித்தளை விலைக்கு வேண்டும் என்பீர்கள். திருட்டுப் பொருள் வந்துவிட்டால் ஸ்டேஷனில் போய் நிற்பது அவர்தான், நீங்கள் இல்லை. முகம் தெரியாத பையன் குத்துவிளக்கு கொண்டுவந்தால் மாமா திருப்பி அனுப்பிவிடுவார். குழவிக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற வீட்டில் அதைத் தூக்கிப்போய் இறக்குகிற கூலியை யார் தருவது? கண் வேறு இடத்தில் போவதுதான் இந்தத் தொழிலே, பார்க்காமல் இருந்தால் பிழைக்க முடியாது.

திருவிடைமருதூர் பக்கம்:

மாமா சொல்வதும் நியாயம்தான், அந்த வளையத்துக்கு எடை கழித்ததை நாங்களும் ஒத்துக்கொண்டோம். குழவிக்கல் என்றதும் ஞாபகம் வந்தது, எங்கள் ஆட்டுக்கல்லும் அம்மியும் இன்னும் கொல்லையிலேயே கிடக்கின்றன. காசு வேண்டாம், ஆட்டுகிறவர்கள் யாராவது எடுத்துக்கொண்டால் போதும், தோட்டத்தில் தொட்டியாக வைப்பவர்களுக்குத் தருவதாக இல்லை.

பாபநாசம்:

நான் எடுத்துக்கொள்கிறேன் அக்கா. எங்கள் வீட்டில் தோசை மாவு இன்னும் கல்லில்தான். ஞாயிற்றுக்கிழமை குட்டியானையும் தூக்க ரெண்டு பேரும் வருகிறோம், குழவி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். போன தடவை ஒருவர் கல்லைக் கொடுத்துவிட்டுக் குழவியைக் காணோம் என்றார்.

திருவிடைமருதூர் பக்கம்:

குழவி இருக்கிறது, பிடிதான் கொஞ்சம் ஆடும். வாருங்கள். பெரியம்மா வெள்ளிக்கிழமையில் வீட்டுப் பொருளை வெளியே விடமாட்டார், ஞாயிறு என்றால் பிரச்சினை இல்லை.