ராஜரத்தினம் பிள்ளையின் தோடி "முழுசாக" இருக்கிறதா?

கெடிலக்கரை:
போன வாரம் "கேட்க ஆசை, ஆனால் ஒலிப்பதிவே இல்லை" என்று நாம் ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தபோது ஊசிமுனை ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்காக யாரும் ஏங்க வேண்டாம், அது இசைத்தட்டில் முழுசாக இருக்கிறது" என்று. படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எது முழுசு? 78 சுற்றுத் தட்டு மூன்று நிமிடம் ஓடும். மூன்று நிமிடத்தில் தோடியா? ஷட்ஜத்தில் நின்று மூச்சு எடுப்பதற்குள் தட்டு தீர்ந்துபோகும்.

தாய்வழியில் எங்கள் வீடு தவில்காரர் வீடு. சாமி புறப்பட்டு, புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி முடிந்து தேரடி திரும்பினால்தான் ராகம் தொடங்கும், அந்த ராகம் வீதி முடியும்வரை போகும் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது அந்த ராத்திரி. ஒத்துக்காரர் விடாமல் பிடிக்கிற சுருதி, தவில்காரர் விரலில் கூடு மாட்டிக்கொண்டு லேசாகத் தட்டிப் பார்ப்பது, பிள்ளைவாள் நாயனத்தின் வாயில் செருகுகிற சீவாளியை மாற்றி ஒரு தடவை ஊதிப் பார்ப்பது, அப்புறம் மெதுவாகத் தோடி. சீவாளி மாற்றுகிற சத்தமாவது உங்கள் தட்டில் உண்டா?

ஊசிமுனை:
மூன்று நிமிடம் இல்லை, ஆறு நிமிடத்துக்கு மேல். தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது தவில்காரர் வீட்டில் தெரியாமல் போயிருக்கலாம்.

தோடி ஆலாபனை இரண்டு பக்கமும் ஓடுகிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கு வாருங்கள், ஊசி மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன். நான் முழுசு என்றது, தோடியில் அவர் சொல்ல வந்ததெல்லாம் அந்தத் தட்டுக்குள் இருக்கிறது என்பதற்காக. நீளமாக வாசித்தால்தான் நிறைவு என்றால் இங்கே நிறையப் பேர் மகாவித்வான் ஆகிவிடுவார்கள்.

ஏங்குவதென்றால் காஞ்சிபுரம் நாயனா பிள்ளைக்கு ஏங்குங்கள். 1934இல் காலமானார். ஒரு தட்டுகூடக் கிடையாது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லய வாத்தியக்காரர்களை உட்கார வைத்துக்கொண்டு பல்லவி பாடியவர். அவரிடம் கற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பாடியதையும் பிருந்தா, முக்தா பாடியதையும் கேட்டு இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்கிறோம். அதுவல்லவா இழப்பு! கையில் இருக்கிற தட்டை வைத்துக்கொண்டு அழுவது என்ன நியாயம்?

கெடிலக்கரை:
ஒரு பக்கம் மூன்று நிமிடம். முடிந்ததும் பிள்ளைவாள் நிறுத்தினார். அடுத்த மெழுகுத்தட்டை வைக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் மறுபடி ஆரம்பித்தார். நடுவில் விட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அது ஆறு நிமிடத் தோடி இல்லை ஐயா, மூன்று நிமிடத் தோடி இரண்டு.

நாயனா பிள்ளைக்கு நானும்தான் ஏங்குகிறேன், யார் வேண்டாம் என்றது? மகா வைத்தியநாத ஐயர் 1893இலேயே போய்விட்டார். இங்கே இயந்திரமே வந்து சேராத காலம், அதற்கு யாரைக் குறை சொல்வது? கல்கத்தாவில் முதல் பதிவு எடுத்தது 1902இல். ஆனால் வீணை தனம்மாள் 1938 வரை இருந்தார். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே போய்ச் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்களாம். நமக்குக் கிடைத்தது என்ன? சில தட்டுகள், மூன்று மூன்று நிமிடமாக நறுக்கியது. இயந்திரம் இருந்தும், ஆள் இருந்தும், ஒரு சாயங்காலத்தை முழுசாகப் பிடிக்கவில்லை. எனக்கு ஆத்திரமெல்லாம் அங்கேதான்.

வில்லியனூரான்:
அண்ணே, இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. பிள்ளைவாள் போனது 1956 டிசம்பரில். அதற்குள் ஒலிநாடா வந்துவிட்டதே? நாடா இருந்தால் திருப்பிப் போடும் சண்டையே இல்லை. எங்கள் ஊர்த் திருக்காமீஸ்வரர் தேருக்கு ஃபிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அந்தக் காலத் தேரோட்டத்தில் யார் நாயனம் வாசித்தாலும் சரி, தேர் நிலையில் இருந்து கிளம்பி மறுபடி நிலைக்கு வரும்வரை ஒரே பதிவாக எனக்கு வேண்டும். என் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

ஊசிமுனை:
ஃபிரெஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது கேட்டவர்கள் அவர்கள்தான். கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டைக் கேட்டுச் சொக்கிப்போய் மோரிஸ் தெலாஜ் என்ற ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் அதை வைத்தே "ராகமாலிகா" என்று குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். அவரைச் சொக்க வைத்ததும் நீங்கள் கேலி செய்கிற அதே சின்னத் தட்டுதான். அலென் தனியேலு 1950களில் இந்தியச் செவ்விசைத் தொகுப்பையே இசைத்தட்டுகளாக வெளியிட்டார். எங்கள் ஊர் ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் வேலை பார்த்தவர் அவர்.

கெடிலக்கரை:
வந்துவிட்டான் ஃபிரெஞ்சுக்காரன். புதுச்சேரிக்காரர்களிடம் எதைப் பற்றிப் பேசினாலும் மூன்றாவது வரியில் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியோடு வந்து நிற்பார். தாயியின் பாட்டு தெலாஜைச் சொக்க வைத்தது என்றால் அது தாயியின் பெருமை, தட்டின் பெருமை இல்லை. அவருக்கு அந்த அம்மாள் நேரில் ஒரு ராத்திரி பாடிக் காட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

தனியேலு நல்ல காரியம்தான் செய்தார். அவருடைய தொகுப்பில் ராஜரத்தினம் பிள்ளையின் நாலு வீதித் தோடி இருக்கிறதா? இல்லை அல்லவா? அப்படியானால் பேச்சு மறுபடி மூன்று நிமிடத்துக்குத்தான் வருகிறது.

ஊசிமுனை:
ஆறு.

பாடலேஸ்வரி:
கொஞ்சம் நிறுத்துங்கள். நம் ஊரிலேயே பாடிய பாட்டை யாரும் நினைக்கவில்லையே. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது பாடியது "சொற்றுணை வேதியன்", காந்தார பஞ்சமம். கரையேறி நம் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலேஸ்வரர் முன்னால் நின்று "ஈன்றாளுமாய்" பாடினார். மைக் செட் வராத காலத்து ஓதுவார் ஒருவர் மண்டபத்தில் தனியாக நின்று அந்தத் திருவிருத்தத்தைத் தாளம் இல்லாமல் பாடியதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. தருமபுரம் சுவாமிநாதன் ஐயா பாடிப் பதிவு செய்து வைத்ததால் நாம் பிழைத்தோம். அவருக்கு முந்தின தலைமுறை எப்படி நிறுத்தி, எப்படி இழுத்துப் பாடியது? உங்கள் பட்டியலில் ஓதுவார் ஒருவர்கூட இல்லை. கச்சேரியும் நாயனமும் மட்டும்தான் செவ்விசையா?

கெடிலக்கரை:
அக்கா, நல்ல விஷயம், அதைத் தனியாகப் பேசுவோம். ஊசிமுனைக்கு ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்தில் செய்த நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்து சுருதியை இறக்கியவர் பிள்ளைவாள். அந்தக் கட்டையில் கார்வை கொடுத்தால் அது அடங்கவே நேரம் எடுக்கும். அந்த ஆளிடம் போய் சீக்கிரம் முடியுங்கள் என்று சிவப்பு விளக்கைப் போட்டால் என்ன வரும்? மூன்று நிமிடத்துக்கு அளந்து வாசித்த தோடி வரும். தோடியை அவர் நமக்குக் கொடுத்தார், நேரத்தை இயந்திரம் பிடுங்கிக்கொண்டது.

நெல்லித்தோப்பு:
எல்லாரும் ஒதுங்குங்கள். இல்லாத ஒலிப்பதிவுகளில் தலையாயது பாரதியின் குரல். 1908 முதல் 1918 வரை இதே புதுச்சேரியில் இருந்தார். பாட்டுக்கு ராகம் தாளம் போட்டு அவரே உரக்கப் பாடியவர். அப்போது கிராமபோன் இருந்தது. ஒருவர்கூட அவர் முன்னால் பதிவுக் குழாயை வைக்கவில்லை. குயில் தோப்பில் அவர் பாடிய குரலுக்கு முன்னால் உங்கள் தோடி எம்மாத்திரம்?

ஊசிமுனை:
பாரதிக்கு என் வணக்கம். ஆனால் இங்கே பேசுவது செவ்விசை. கவிஞர் பாடியது வேறு, வித்வான் பாடியது வேறு.

நெல்லித்தோப்பு:
சங்கீதக்காரர்கள் பாடிய கீர்த்தனையையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்று அந்தக் காலத்திலேயே எழுதித் திட்டியவர் பாரதி. உங்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். அவருக்குச் சங்கீதம் தெரியாதா? கருவடிக்குப்பத்தில் சமாதியாகி இருக்கிற சங்கரதாஸ் சுவாமிகளையும் செவ்விசை இல்லை என்று தள்ளிவிடுவீர்களா? மேடையில் எத்தனை ராகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்! நாடகக்காரன் என்றால் தள்ளி நிறுத்துகிற புத்தி இன்னும் போகவில்லை.

ஊசிமுனை:
நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள்.

மாசிமகம்:
பெரியவர்கள் கோபப்படக் கூடாது. போன ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தியதற்கே எல்லாரும் அழுகிறோம். இன்றைக்கு வாசிக்கிறவர்களைப் பிடிக்க என்ன தடை? மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் அத்தனை சாமிகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் நாயனம் இருக்கிறது. கைப்பேசியிலேயே மணிக்கணக்கில் பிடிக்கலாம். நாங்கள் போய் நின்றால் ஜெனரேட்டர் சத்தமும் ஒலிபெருக்கியும்தான் பதிவாகிறது. தேவனாம்பட்டினத்திலும் அதே கதை. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து நம் பிள்ளைகளும் "இல்லையே" என்று இதேபோல் எழுதத்தான் போகிறார்கள்.

கெடிலக்கரை:
தம்பி சரியாகச் சொன்னான். எங்கள் தெருக் கோயிலில் சாயரட்சைக்குச் சுவிட்சைப் போட்டால் இயந்திரம் முரசும் மணியும் அடிக்கிறது. கல்யாணம் என்றால் செண்டை மேளம். நாயனக்காரரை வாசலோடு உட்கார வைத்துவிட்டு, தாலி கட்டும்போது மட்டும் "கெட்டி மேளம்" என்று கத்துகிறார்கள். ராகம் வாசிக்க விட்டால்தானே பதிவு செய்ய?

ஊசிமுனை:
யார் சொல்வது! உங்கள் பெண் கல்யாண வரவேற்பில் நாயனக்காரர் அப்போதுதான் கரகரப்பிரியாவை எடுத்தார். அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு மெல்லிசைக் குழுவை மேடை ஏற்றினீர்கள். நான் முன்வரிசையில்தான் இருந்தேன். எத்தனை நிமிடம் வாசிக்க விட்டீர்கள் என்று சொல்லட்டுமா?

கெடிலக்கரை:
அது சம்பந்தி வீட்டு ஏற்பாடு. அதை இங்கே இழுப்பது மரியாதை இல்லை. இழுத்துவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். மாமா வீட்டுப் பரணில் இருந்து எடுத்து உங்களிடம் கேட்கக் கொடுத்த தட்டு இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டால் கீறல் விழுந்திருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்றீர்கள். அரக்குத் தட்டைத் துடைக்க இத்தனை வருஷமா?

ஊசிமுனை:
உடைந்து வந்த தட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார். ஓரத்தில் பிளவு இருந்ததை நானே காட்டினேன். அதை வைத்துப் போட்டால் ஊசி பாழ். உங்கள் வீட்டில் தட்டுகளைப் படுக்க வைத்து மேலே அரிசி மூட்டை வைத்திருந்தீர்கள், அது நினைவிருக்கிறதா?

வில்லியனூரான்:
அண்ணே, சண்டையை விடுங்கள். இணையத்தில் கிடைக்கிற தோடியைக் கடிகாரம் வைத்துக் கேட்டேன். ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைத் தாண்டித்தான் போகிறது.

கெடிலக்கரை:
பார்த்தீர்களா? மூன்று.

ஊசிமுனை:
மூன்றைத் தாண்டி என்கிறார், படியுங்கள். இரண்டு பக்கத்துக்கு ஆறைத் தாண்டி. அதுவும் இணையத்தில் ஏற்றியவர் எந்த வேகத்தில் ஓடவிட்டாரோ தெரியாது. பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிந்தவை இல்லை. கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் நேரம் குறையும், சுருதி ஏறும். பாரி நாயனத்தின் கனம் போய், உயர்ந்த சுருதியில் ஒலிக்கிற குட்டை நாயனமான திமிரி மாதிரிக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் இவர் தோடி இல்லை என்கிறார்.

கெடிலக்கரை:
நான் தோடி இல்லை என்று எங்கே சொன்னேன்? அந்தத் தட்டைக் கேட்டு எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். காந்தாரத்தில் அவர் ஒரு அசைப்பு அசைப்பார், முதுகுத்தண்டு சிலிர்க்கும். அதனால்தான் கேட்கிறேன். அந்த அசைப்பை மூன்று நிமிடத்தில் இப்படிக் கொடுத்தவர், அவசரப்படுத்த ஆளே இல்லாத ராத்திரியில் எப்படிக் கொடுத்திருப்பார்? முழுசு என்ற சொல்லை நீங்கள் எடுக்கும்வரை விட மாட்டேன்.

ஊசிமுனை:
எடுக்க மாட்டேன்.

பாடலேஸ்வரி:
ஓதுவார் விஷயத்தைத் தனியாகப் பேசலாம் என்றவர் இன்னும் வரவில்லை. குறித்து வைத்துக்கொள்கிறேன்.

நெல்லித்தோப்பு:
பாரதிக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

கெடிலக்கரை:
அக்கா, வருகிறேன், இதை முடித்துக்கொள்கிறேன். ஊசிமுனை, ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டைக்கு வருகிறேன், கடிகாரத்தோடு. ஒரு பக்கம் போடுங்கள். ஒரே ஒரு பக்கம்.

ஊசிமுனை:
வாருங்கள். இரண்டு பக்கமும் போடுவேன். நடுவில் எழுந்து போகக் கூடாது.

கெடிலக்கரை:
திருப்பிப் போடுகிற நேரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். என் மாமா வீட்டுத் தட்டையும் எடுத்து வையுங்கள்.