புதுப்பிப்பு: அந்தக் கடனை வாங்கவில்லை

மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன்: தொழிலில் கையிருப்பு தீர்ந்துவிட்டது, மாதம் 3 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிச் சம்பளம் போடலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கவில்லை.

மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36 என்றுதான் நினைத்திருந்தேன். வட்டியைக் கட்டாமல் அசலோடு சேரவிட்டால் அது 42 சதவீதத்தைத் தாண்டுகிறது.

ஒருவர் சொன்னபடி, அடுத்த 13 வாரங்களுக்கு வாரவாரம் உள்ளே வரும் பணம், வெளியே போகும் பணம் இரண்டையும் எழுதினேன். அப்போதுதான் புரிந்தது, நான் நஷ்டத்தில் இல்லை. சரக்குக்கு 30 நாளில் பணம் கட்டுகிறேன். வாடிக்கையாளர்கள் 60 நாள் கழித்துத் தருகிறார்கள். நடுவில் உள்ள 30 நாள்தான் கழுத்தை நெரித்தது. ஆர்டர் கூடக் கூட நெருக்கடியும் கூடியது இதனால்தான்.

புது ஆர்டருக்குப் பாதி முன்பணம் கேட்டேன். இரண்டு பேர் விலகினார்கள், மற்றவர்கள் தந்தார்கள். சரக்கு தருபவரிடம் தவணை தவறும் முன்பே போய்ப் பேசினேன். பாக்கியை மூன்றாகப் பிரித்துக் கட்டச் சொன்னார். அந்தப் பேச்சுக்குத்தான் நான் மிகவும் பயந்திருந்தேன்.

வீட்டுச் செலவுக்கு இப்போது தனிக் கணக்கு. எனக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகை. அதற்கு மேல் கல்லாவில் கை வைப்பதில்லை. மனைவியிடம் முழுக் கணக்கையும் காட்டினேன். முன்பே காட்டியிருக்க வேண்டும்.

வரிக்கு எடுத்துவைத்ததில் கொஞ்சம் செலவாகிவிட்டது. ஐந்து வாரத்தில் அதை நிரப்ப வேண்டும். ஒரு பெரிய பாக்கி சொன்ன தேதியில் வந்தால் நிரப்பிவிடுவேன்.