கீவேர்டு வரிசை கலையாம ஸ்டாக் தளத்துக்கு ஏத்துறது எப்படி?

ஸ்டாக் தளங்களுக்கு (போட்டோக்களை வாங்கி விக்கிற இணையதளங்கள்) படம் அனுப்புறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல எடுத்த படங்களை அடோபி ஸ்டாக்லயும் ஷட்டர்ஸ்டாக்லயும் போடப் போறேன். அடோபில ஒரு படத்துக்கு 49 கீவேர்டு (தேடல் சொல்) வரைக்கும் கொடுக்கலாம், ஆனா முதல் பத்துக்குத்தான் தேடல்ல மவுசு. அதனால ஜாஸ்மின், ஃபிளவர் மார்க்கெட், மதுரைன்னு முக்கியமானதை முன்னாடி வச்சு எழுதுறேன். நான் படம் அடுக்குற மென்பொருள் எக்ஸ்போர்ட் பண்றப்போ எல்லாத்தையும் அகர வரிசைக்கு மாத்திடுது. 'ஏஷியா' முதல்ல வந்து உக்காந்துக்குது, ஜாஸ்மின் எங்கயோ நடுவுல. ஏத்தின பிறகு ஒவ்வொரு படமா திறந்து இழுத்து மாத்துறது தாவு தீருது. சிஎஸ்வி கோப்பா (கமா போட்டுப் பிரிச்ச பட்டியல்) கொடுத்தா வரிசை அப்படியே நிக்குமா? தலைப்புல கமா வந்தா என்ன பண்றீங்க?

இன்னொண்ணு. பூ கட்டுற ஒரு பாட்டியோட முகம் நல்லா தெரியற படம், மாடல் ரிலீஸ் (படத்துல இருக்கறவங்க தர்ற எழுத்துச் சம்மதம்) வாங்கல. ஷட்டர்ஸ்டாக்ல எடிட்டோரியலாத்தான் (விளம்பரத்துக்கு இல்லாம செய்தி மாதிரி பயன்பாட்டுக்கு) போகும். ஊர், நாடு, எடுத்த தேதி, அப்புறம் நடந்தது என்னன்னு கேப்ஷன் எழுதணும், அது புரியுது. ஆனா 'பாரம்பரியம்', 'உழைப்பு' மாதிரி கருத்துச் சொற்களை இதுல சேக்கலாமா, இல்ல கண்ணுக்குத் தெரியறதோட நிறுத்திக்கணுமா? (மல்லிப்பூ படத்துக்கு 'ஹனிமூன்'னு போடுறவங்களையும் பாத்திருக்கேன், அந்தக் கூத்து வேண்டாம்.)

விற்பனையான படம் ஒண்ணோட கீவேர்டு பட்டியலை யாராவது காட்டினா ரொம்ப உதவியா இருக்கும்.