சிங்கப்பூரின் உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையம்: கட்டி முடித்த பிறகும் எட்டு வருஷம் பூட்டி வைத்தது ஏன்?

புதுவீட்டுக்காரன்:
உட்லீ நிலையத்தை ஒட்டிய பிடாடாரி பக்கம் குடிவந்திருக்கிறோம். வடகிழக்குத் தடம் 2003-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது, ஆனால் உட்லீ 2011 ஜூனில்தான் திறந்தது என்கிறார் மாமனார். ஆள் இல்லையென்றால் பிறகு கட்டியிருக்கலாமே? நுழைவாயிலில் இருக்கும் அந்தத் தடிமனான இரும்புக் கதவுகள் எதற்கு என்றும் யாராவது சொல்லுங்கள்.

ஹவ்காங்வாசி:
பிறகு கட்டுவது லேசில்லை தம்பி. தடம் முழுக்க நிலத்தடி, ஆளில்லாமல் ஓடும் ரயில். ஓடிக்கொண்டிருக்கிற சுரங்கத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, சுவரை உடைத்து பிளாட்ஃபாரம் போடுவதென்றால் சேவையையே நிறுத்த வேண்டிவரும். அதனால் தடத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஆனால் திறந்துவிட்டால் ஏசி, காற்றோட்டம், மின்படிக்கட்டு, ஊழியர் என்று தினமும் செலவு. ஆளே ஏறாத இடத்தில் யானையைக் கட்டித் தீனி போட யாருக்கு மனசு வரும்? அப்போது அங்கே இருந்தது இடுகாடு, அதையும் தோண்டி எடுத்துக்கொண்டிருந்த நேரம். முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் விற்பனைக்கு வந்ததே 2015-ல்தான்.

செங்காங் அக்கா:
உட்லீ சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே தடத்தில் இப்படிப் பூட்டி வைத்திருந்த புவாங்கோக் நிலையத்தையும் அதே கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே ஆட்கள் இருந்தார்கள்! கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காலி பிளாட்ஃபாரம் தெரியும், ரயில் நிற்காமல் போகும், வீட்டுக்குப் பக்கத்திலேயே நிலையம் இருந்தும் ஹவ்காங்கிலோ செங்காங்கிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 2005 ஆகஸ்டில் அமைச்சர் வந்தபோது யாரோ வழியில் வெள்ளை யானை (செலவு வைத்துப் பயன் தராததை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள்) அட்டைகளை நட்டு வைத்தார்கள், அதற்குப் போலீஸ் விசாரணை வேறு. 2006 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். அட்டை யானையால்தான் திறந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனாலும் மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

ஹவ்காங்வாசி:
அக்கா சொல்வது நியாயம், புவாங்கோக்கை முன்பே திறந்திருக்கலாம். கதவு பற்றிக் கேட்டீர்களே, இந்தத் தடத்தில் பல நிலையங்கள் போர்க்காலப் புகலிடமாகவும் கட்டப்பட்டவை. அவசரம் வந்தால் மூடுவதற்கு.

புதுவீட்டுக்காரன்:
நன்றி அண்ணே, அக்கா. இப்போதும் இப்படிப் பூட்டிய நிலையம் ஏதாவது உண்டா?

செங்காங் அக்கா:
2021-ல் தாம்சன் தடத்தின் இரண்டாம் கட்டம் திறந்தபோது மவுண்ட் பிளசண்ட் நிலையத்தை விட்டுவிட்டுத்தான் திறந்தார்கள். பழைய போலீஸ் அகாடமி இடத்தில் வீவக வீடுகள் வர வேண்டும் என்று காரணம். அங்கே வீடு வாங்கப் போகிறவர்கள் உங்கள் மாமனாரிடம் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும்.