குயின் லத்தீஃபா: எந்த 'முதல்' நிற்கும், எந்தப் பாட்டில் தொடங்குவது?

தாளக்கட்டு (கேள்வி)

அமெரிக்க ராப் பாடகியும் நடிகையுமான குயின் லத்தீஃபா பற்றி ஓர் அறிமுகக் கட்டுரை தயாராகிறது. குறிப்பில் இருப்பவை: முதல் பெண் ராப்பர், 'சிகாகோ' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார், 'பெஸ்ஸி'யில் நடித்ததற்கு எம்மி (தொலைக்காட்சி விருது), ராப்பை விட்டுவிட்டு நடிக்கப் போனவர். எதை வைத்துக்கொள்ளலாம், எதை வெட்ட வேண்டும்? ராப் கேட்டே பழகாதவருக்கு எந்தப் பாட்டைக் கொடுக்கலாம்?

பழைய இசைத்தட்டு

நாலுமே இப்படியே போகக்கூடாது. முதல் இரண்டையும் நான் பார்க்கிறேன்.

'முதல் பெண் ராப்பர்' தவறு. எழுபதுகளின் கடைசியிலேயே ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் குழுவில் ஷா-ராக் இருந்தார். ராக்சேன் ஷான்டே 1984-இல் வந்துவிட்டார். சால்ட்-என்-பெப்பாவின் முதல் ஆல்பம் 1986, எம்.சி. லைட்டின் முதல் ஆல்பம் 1988. லத்தீஃபாவின் முதல் சிங்கிளே (தனிப்பாட்டு வெளியீடு) 1988-இல்தான். 'ஆல் ஹெயில் த குயின்' ஆல்பம் 1989. அவருக்கு முன்னால் நின்ற பெண்களை அழித்துவிட்டு அவரை உயர்த்துவது அவருக்கே பொருந்தாத மரியாதை. அந்த ஆல்பத்தின் முக்கியமான பாட்டு 'லேடீஸ் ஃபர்ஸ்ட்' ('பெண்கள் முதலில்') எதைப் பற்றியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்கர் அவருக்குக் கிடைக்கவில்லை. 2003 விழாவில் சிறந்த துணை நடிகைக்கான பரிந்துரை மட்டும்தான். பரிசு அதே படத்தில் நடித்த கேத்தரின் ஜீட்டா-ஜோன்ஸுக்குப் போனது. நடிப்புக்காகப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பெண் ஹிப்-ஹாப் கலைஞர் என்று எழுதலாம். 'பெண்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்; வில் ஸ்மித் அதற்கு முந்தைய ஆண்டே பரிந்துரை பெற்றவர். ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பெற்ற முதல் ஹிப்-ஹாப் கலைஞர், 2006: இதுவும் நிற்கும். 2023-இல் 'ஆல் ஹெயில் த குயின்' அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்ந்தது. அங்கே மட்டும் 'முதல்' வேண்டாம், இன்னொரு ராப் பாடகியான லாரின் ஹில்லின் ஆல்பம் முன்பே அதில் இருக்கிறது.

திரைக்கண்

'பெஸ்ஸி' விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். 2015-இல் சிறந்த தொலைக்காட்சித் திரைப்படத்துக்கான எம்மி அதற்குக் கிடைத்தது. லத்தீஃபா வாங்கியது நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராக. நடிப்புக்குப் பரிந்துரையோடு நின்றுபோனது. நடிப்பு விருது வேண்டுமானால் 'லைஃப் சப்போர்ட்' (2007) இருக்கிறது, அதற்கு கோல்டன் குளோப் வாங்கினார்.

'ராப்பை விட்டுவிட்டுப் போனவர்' என்ற வரியைத்தான் முதலில் வெட்டுவேன். அவர் நடித்த 'லிவிங் சிங்கிள்' தொடர் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது 1993 ஆகஸ்டில். அவருடைய 'பிளாக் ரெய்ன்' ஆல்பம் வந்தது அதே ஆண்டு நவம்பரில். ஒன்று முடிந்து இன்னொன்று என்பதில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. தொடரின் முகப்புப் பாட்டையும் அவரேதான் பாடினார். 1995-இல் 'யூனிட்டி' பாட்டுக்கு கிராமி வாங்கியபோது தொடர் இரண்டாவது சீசனில் இருந்தது. கட்டுரையில் இசைக்கு ஒரு பத்தி, நடிப்புக்கு ஒரு பத்தி என்று பிரித்தால் இந்த ஒட்டுறவு காணாமல் போய்விடும். ஆண்டுவாரியாக எழுதுங்கள்.

இன்னொன்று, 'சிகாகோ'வுக்குத் தாவும்முன் 'செட் இட் ஆஃப்' (1996). வங்கிக் கொள்ளையில் இறங்கும் நான்கு பெண்களில் கிளியோவாக வருகிறார். அவர் நடிகைதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. 'சிகாகோ'வில் ஜீட்டா-ஜோன்ஸோடு அவர் பாடிய 'கிளாஸ்' பாட்டு படத்திலிருந்து வெட்டப்பட்டது, ஒலித்தட்டில் உண்டு. படத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பழைய இசைத்தட்டு

பாட்டு வரிசை கேட்டிருந்தீர்கள். புதியவருக்கு முதலில் 'யூனிட்டி'. வேகம் நிதானம், சொல் தெளிவு, சாக்ஸபோன் காதை உள்ளே இழுத்துவிடும். மூன்று பகுதிகளையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்: தெருவில் நடக்கும் சீண்டல், வீட்டுக்குள் விழும் அடி, ரவுடித்தனத்தைப் பார்த்து அதைப்போலவே ஆக நினைக்கும் பெண். பெண்களைத் திட்டும் சொல்லைத் தூக்கி, சொன்னவன் முகத்திலேயே கேள்வியாக எறிகிறார். வரிகளைப் படித்துக்கொண்டே கேட்காவிட்டால் பாதி போய்விடும்.

அடுத்து 'லேடீஸ் ஃபர்ஸ்ட்'. இதில் லண்டனிலிருந்து வந்த மோனி லவ்வும் சேர்ந்து பாடுகிறார். இரண்டு குரலின் எடையையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்: மோனி லவ் துள்ளி ஓடுகிறார், லத்தீஃபா காலை ஊன்றி நிற்கிறார். வீடியோவையும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்புக் காட்சிகள் அதில்தான். மூன்றாவதாக 'ராத் ஆஃப் மை மேட்னஸ்', ஜமைக்கா ரெகே பாணி அவர் குரலில் எப்படி ஏறியது என்பதற்காக. 'கம் இன்டு மை ஹவுஸ்' ஹவுஸ் எனும் நடன இசையோடு கலந்தது, கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

நியூ ஜெர்சியின் 'ஃபிளேவர் யூனிட்' பற்றி ஒரு வரியாவது வேண்டும். டிஜே மார்க் த 45 கிங்கைச் சுற்றித் திரண்ட ராப் கூட்டம் அது. பிறகு அதே பெயரில் ஷகீம் கம்பெயரோடு சேர்ந்து லத்தீஃபா நிறுவனம் நடத்தினார். நாட்டி பை நேச்சர் என்ற ராப் குழுவை நிர்வகித்தது அதுதான். அவருடைய நீண்ட ஓட்டத்துக்குக் காரணம் கேட்டால் குரலுக்கு அடுத்து இதைச் சொல்வேன்.

தாளக்கட்டு

நாலையும் திருத்திவிடுகிறேன், மிக்க நன்றி. 2004-இல் வந்த 'த டானா ஓவன்ஸ் ஆல்பம்' ராப் பட்டியலில் சேருமா?

திரைக்கண்

சேராது. டானா ஓவன்ஸ் அவருடைய இயற்பெயர். அந்த ஆல்பம் பழைய ஜாஸ், சோல் பாட்டுகளை அவர் பாடியது. 2007-இல் வந்த 'டிராவ்லின் லைட்'டும் அதே வழி. ராப்புக்கு அவர் ஆல்பமாகத் திரும்பியது 2009-இல், 'பெர்சோனா'வில்.